கீழ்வீட்டு ஜெர்வாஸ்

ஒக்ரோபர் 14, செவ்வாய்

மழை. விடிந்ததில் இருந்து ஒரே மாதிரி. முற்றத்து இலையெல்லாம் வடிகாலில் அடைத்து நிற்கிறது. வாரவேண்டும்.

இவர், என் மனுசன் மனுவல், போய் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஆக்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மகன் றொபின்தான் கடைசி ஆள். அவனும் நேற்றுத் துரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்டான். மண்டபத்தில் எடுத்த பெரிய சட்டி மூன்றும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடலை மிச்சம். உப்பு முடிந்தது. பின் அறை ஹீற்றர் வேலை செய்யவில்லை.

முதியோர் இல்லத்துக் குசினியில் எனக்குப் பதிலாக ஒரு சோமாலிப் பிள்ளை நிற்கிறதாம். டொக்டர் இன்னும் லீவு எழுதித் தந்தார். மனதில் கிடக்கிறதை உன் பாசையில் எழுது, ஒருவருக்கும் காட்டத் தேவையில்லை என்றும் சொன்னார். அதுதான் இது. பிழை இருந்தால் இருக்கட்டும். எட்டாம் வகுப்போடு விட்ட படிப்பு.

றொபின் காரில் ஏற முதல் சொன்னது:

"அம்மா, உங்களை இஞ்சை தனிய விடேலாது. விழுந்து கிடந்தா ஆருக்குத் தெரியும்?"

"கீழை ஜெர்வாஸ் இருக்கிறான்தானே."

"அவன்ர கொன்ராக்ட் இந்த சீசனோட முடியுது. பிறகு?"

"புதுசா எழுதுவினம்."

"எழுதினாச் சரி. அவன் நிண்டா நீங்களும் நில்லுங்கோ, நான் வாய் திறக்கேல்லை. அவன் போனா வீட்டை விக்கிறது. நீங்கள் எங்களோட வாறியள். சரியோ?"

சரி என்றேன். ஏழு மணித்தியாலம் கார் ஓட வேண்டியவனோடு என்ன கதைப்பது.

ஆகவே இந்த வீடு இப்போது ஜெர்வாசின் காலில் நிற்கிறது. இவர் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் தேடித் தேடி வாங்கிய வீடு. பின்பக்கம் பனி விழுந்தால் இவர் கிடந்த கட்டிலில் இருந்தே தெரியும். நான் துரொண்ட்ஹெய்முக்குப் போய் மருமகளின் குசினியில் எந்தப் பக்கம் நிற்பது.

ஜெ. கீழ்வீட்டில் இரண்டு வருடமாக வாடகைக்கு. பிரேசில்காரன். முப்பத்துநாலு வயது. ஒஸ்லோவில் இரண்டாம் பிரிவு உதைபந்துக் கழகம் ஒன்றுக்கு முன்னுக்கு நின்று கோல் அடிக்கிறவன். இவர் ஆஸ்பத்திரிக்குப் போனதில் இருந்து ஒன்றும் அடிக்கவில்லை. இன்னும் மூன்று விளையாட்டுத்தான். கொன்ராக்ட் இல்லாவிட்டால் விசாவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை என்றபடியால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். நேர்த்தியும் வைத்தேன். ஜெ.க்குக் கொன்ராக்ட் கிடைத்தால் பதின்மூன்று செவ்வாய்க்குப் பாண் வாங்கிப் பசித்த ஆக்களுக்குக் கொடுப்பேன்.

ஒக்ரோபர் 16, வியாழன்

மழை விட்டது. குளிர். இலை பாதி வாரினேன். முதுகு.

ஜெ. இந்தக் கிழமை மேலே சாப்பிட வரவில்லை. துக்க வீடு என்று ஒதுங்குகிறானோ தெரியாது. பருப்பும் சோறும் கொண்டுபோனேன். ஆள் பயிற்சிக்குப் போய்விட்டான். கீழ்வீட்டுக் கதவின் திறப்பு என்னிடம் ஒன்று இருக்கிறது.

உள்ளே முழங்காலுக்குப் பூசுகிற மருந்து மணம். சப்பாத்துகள் கழுவி வரிசையாய். எல்லாம் ஒழுங்கு. பிறகுதான் ஜன்னல் கட்டைப் பார்த்தேன்.

அந்தோனியார் தலைகீழாய் நிற்கிறார்.

இவர் அவனுக்குக் கொடுத்த சுருபம். இவரின் தாய் பாசையூரில் இருந்து கொண்டுவந்தது. தண்ணீர்க் கோப்பைக்குள் தலையைக் குத்தி வைத்திருக்கிறான். கால் இரண்டும் மேலே. கையில் குழந்தை யேசு இல்லை. அது ஆணியில் கழற்றிப் பூட்டுகிற மாதிரியான குழந்தை. தேடினேன். மேசை லாச்சிக்குள், ஒரு கால்மேசுக்குள் சுற்றி வைத்திருந்தான்.

எடுத்துத் துடைத்து, நிமிர்த்தி, குழந்தையைக் கையில் கொடுத்து, மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லிவிட்டு வந்தேன். சோற்றை அங்கே வைத்தேனா என்றுகூட நினைவில்லை. மேலே வந்து பார்த்தால் சோற்றுக் கோப்பை என் கையில்.

எங்கள் ஆக்களில் ஒருவர் இப்படிச் செய்தால் கை வழங்காமல் போய்விடும் என்பார்கள்.

இவர் அவனைக் கூட்டிவந்த நாள். பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கிற நேரம். மெல்லிய ஜக்கற்றோடு ஒருவன் மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றான். இவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு "கதிரை, இரு" என்றார், தமிழில்தான். அவன் விழித்து "கதெய்ரா?" என்றான். இவர் மேசையைத் தட்டினார். அவன் "மேசா". சப்பாத்து, ஜன்னல், அலுமாரி, பாண், துவாய். போர்த்துக்கேயப் பறங்கியர் எங்களிடம் விட்டுப்போன சொல்லெல்லாம் அவன் வீட்டுச் சொல்லு. இவர் சிரித்த சிரிப்பில் பாதர் திரும்பிப் பார்த்தார்.

"பிலோ, இவன் எங்கட ஆள்."

அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஜெர்வாசியோ என்று பேர் சொன்னான். எங்கள் ஊரிலும் ஜெர்வாசியஸ் இருக்கிறார்கள். ஜெர்வாஸ் ஆகிவிட்டான். எனக்கு "தோனா பிலோமினா". அவர்கள் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்களாம். இவரை "மனுவல் அண்ணை". அது இவர் பழக்கினது.

அப்படி வந்தவன் இப்படியொரு வேலை செய்வான் என்று நினைக்கவில்லை.

ஒக்ரோபர் 17, வெள்ளி

கிளாராக்கா இடியப்பம் கொண்டுவந்தா. கோவிலில் பீடத்துக்குப் பூ வைக்கிறவ. பூவோடு ஊர்க்கதையும் அவவிடம்தான்.

"கீழை இருக்கிறவன் இன்னும் போகேல்லையோ?"

"ஏன் போகவேணும்?"

"நான் சொல்லேல்லை பிலோ. ஆக்கள் கதைக்கினம். ஆம்பிளை இல்லாத வீடு. அவன் முப்பத்துநாலு, கலியாணமும் இல்லை."

"எனக்கு அம்பத்தெட்டு, அக்கா. ரெண்டு முழங்காலும் போட்டுது."

"முழங்காலைப் பற்றியோ கதைக்கினம்?"

சிரிப்பு வந்துவிட்டது. இவர் போனபிறகு முதல் சிரிப்பு. உடனே அடக்கினேன். அவவும் அடக்கினா.

சுருபத்தின் கதையைச் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன். அவ இடியப்பத் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சிலுவை போட்டா.

"எவ்வளவு நாளா அப்பிடி வைச்சிருக்கிறான்?"

"தெரியாது."

"கேளும். மனுவல் சாகக் கிடக்கேக்கையும் அப்பிடியோ வைச்சிருந்தவன் எண்டு கேளும்."

போய்விட்டா. அந்தக் கேள்வியை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டா.

ஒக்ரோபர் 19, ஞாயிறு

நேற்று இங்கே விளையாட்டு. போனில் பார்த்தேன், றொபின் போட்டுத் தந்தது, இலக்கம் மட்டும் வரும். 0–2. ஜெ.யைக் கடைசியில்தான் இறக்கினார்கள்.

வீட்டுக்கு வந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தண்ணிக் குழாய்ச் சத்தமும்.

இன்று பூசைக்குப் போய்வந்து, தோய்த்த விரிப்பைக் கொடுக்கிற சாட்டில் கீழே போனேன். அவன் குளித்துக்கொண்டிருந்தான். அந்தோனியார் திரும்பவும் தலைகீழ். நிமிர்த்தினேன்.

மாலையில் குப்பை போடப் போனபோது ஜன்னலால் பார்த்தேன். தலைகீழ்.

அந்தோனியார் பாவம்.

(சட்டி கொடுத்தாயிற்று. ஹீற்றருக்கு ஆள் புதன் வரும்.)

ஒக்ரோபர் 21, செவ்வாய்

மூடுபனி. பஸ் தரிப்பு தெரியவில்லை.

கேட்டுவிட்டேன். நானும் அவனும் கதைப்பது நோர்வேஜியன், இரண்டு பேருக்கும் அரைகுறை. நடுவில் இவர் பழக்கின தமிழ். எனக்கு விளங்கினதை என் பாசையில் எழுதுகிறேன்.

படியில் இருந்து சப்பாத்துக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தான்.

"ஜெர்வாஸ், சுருபத்தை ஏன் அப்பிடி வைக்கிறாய்?"

"தண்டனை."

"ஆருக்கு?"

"அந்தோனியாருக்கு. எங்கட ஊரில அப்பிடித்தான், தோனா பிலோமினா. கேட்டது தராட்டில் தலைகீழாய் வைப்பம். குழந்தையையும் பறிச்சு ஒளிப்பம். தந்தால் நிமித்துவம். என்ர தாய் அப்பிடித்தான் செய்வா. தாயின்ர தாயும்."

"நாங்கள் அழுது கேப்பம். பட்டினி கிடப்பம். பாண் குடுப்பம். அடிக்கிறேல்லை."

"அடிக்கேல்லை. மூலையில நிப்பாட்டுறது. பள்ளிக்கூடத்தில மாதிரி."

அவன் சொன்ன விதத்தில் வெட்கமே இல்லை. புனிதர் அவனுக்கு வீட்டுப் பிள்ளை மாதிரி.

"எப்ப இருந்து வைச்சிருக்கிறாய்?"

நூலை இழுத்துக்கொண்டே சொன்னான்.

"மனுவல் அண்ணை ஆஸ்பத்திரிக்குப் போன நாளில இருந்து."

மேலே வந்துவிட்டேன். அவன் பின்னால் ஏதோ கூப்பிட்டான். கதவைச் சாத்தினேன்.

இவர் அங்கே மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறார். இவன் கீழே புனிதரைத் தலைகீழாய் வைத்துக் கோல் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்கு என்னைக் காரில் ஏற்றிப் போனவன். இவருக்குப் பந்துக்கதை சொல்லிச் சிரிப்பித்தவன். வீட்டுக்கு வந்து தனக்குக் கோல்.

இன்றைக்கு மெழுகுதிரி கொளுத்தவில்லை. வைத்த நேர்த்தியைத் திருப்பி எடுக்கலாமோ என்று யோசிக்கிறேன்.

ஒக்ரோபர் 23, வியாழன்

ஹீற்றர் சரி. வந்த பெடியன் சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தான். நிலம் துடைத்தேன்.

கீழே சாப்பாடு அனுப்பவில்லை. அவன் மேலே வரவும் இல்லை. கதவு திறந்து மூடுகிற சத்தம் மட்டும். பயிற்சி, கதவு, குழாய், கதவு.

றொபின் போன் அடித்தான். "எப்பிடி அவன்ர பாடு?"

"எனக்கென்ன தெரியும்."

"என்ன அம்மா, கோபமோ?"

"ஒருத்தரோடயும் கோபமில்லை."

வீடு விற்கிற ஆளை அவனுக்குத் தெரியுமாம். சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லவா என்றான். கொஞ்சம் பொறு என்றேன். ஏன் பொறுக்கச் சொன்னேன் என்று தெரியவில்லை.

இவரின் சேட்டு இரண்டு இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

நேரம் மாறின நாள். இவர்தான் எல்லா மணிக்கூட்டையும் திருப்புவார். குசினி மணிக்கூடு மட்டும் இன்னும் பழைய நேரத்தில்.

வெளியூர் விளையாட்டு, திராமனுக்கு அப்பால். பார்ப்பதில்லை என்றுதான் இருந்தேன். உள்ளி உரித்துக்கொண்டிருக்க போன் டிங் என்றது. 0–1. கோல் அடித்தவர் பேர் ஜெர்வாசியோ.

சந்தோசம் வரவில்லை. கோபம்தான் வந்தது. கடைசியில் வாங்கிவிட்டான் என்று.

இருட்டின பிறகு மேல்கதவைத் தட்டினான். தலை ஈரம், கழகத்து ஜக்கற், வாய் முழுக்கச் சிரிப்பு.

"தோனா பிலோமினா. கோல்."

"தெரியும். போனில கண்டனான். இனிப் போய் அந்தோனியாரை நிமித்திவிடு. நீ கேட்டதைத் தந்திட்டார்."

சிரிப்பு நின்றது. என்னையே பார்த்தான்.

"நான் கோல் கேக்கேல்லை."

"அப்ப?"

"கோலுக்கு நான் ஒருத்தரையும் கேக்கிறேல்லை. கோல் என்ர வேலை."

"அப்ப என்னத்தைக் கேட்டனீ?"

"மனுவல் அண்ணை வீட்டை வரவேணுமெண்டு கேட்டனான்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தரேல்லை. அதால அவர் நிமிரக்கூடாது. நீங்கள் நிமித்த நிமித்த நான் திருப்பி வைச்சனான். நீங்கள் அவரை மன்னிச்சிட்டியள், அது உங்கட மனம். நான் மன்னிக்கேல்லை."

உள்ளே வா என்றேன். வந்து இருந்தான். சோறு போட்டேன். நான் போட்டதும் தெரியவில்லை, அவன் சாப்பிட்டதும் தெரியவில்லை. நேற்றைய கத்தரிக்காய்.

இவர் போன அன்றைக்கு எல்லாரும் சொன்னது ஆண்டவரின் சித்தம். பாதர் சொன்னார், கிளாராக்கா சொன்னா, ஆஸ்பத்திரிப் பிள்ளைகூட அவளுடைய பாசையில் அந்த மாதிரித்தான் ஏதோ சொன்னாள். எல்லாருக்கும் ஓம் என்றேன். பெட்டியை மூடக் கேட்டார்கள், ஓம். பாட்டு எது, ஓம். என் மனுசனுக்காக ஒருவரும் ஒரு கோபம்கூடப் படவில்லையே என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறேன். ஒருவன் பட்டிருக்கிறான். கீழே, ஜன்னல் கட்டில், இவ்வளவு நாளும்.

நான் இனி அதை நிமிர்த்தமாட்டேன்.

நேர்த்தி நேர்த்திதான். திருப்பி எடுக்கவில்லை.

நவெம்பர் 2, ஞாயிறு

மரித்த ஆத்துமாக்களின் நாள். முதல் பனி, மெல்லிசாய், காலில் ஒட்டுகிற மாதிரி.

இவரைப் புதைத்த சேமக்காலைக்கு ஜெ. காரில் கூட்டிப்போனான். நோர்வே ஆக்களும் விளக்கு வைக்கிற நாள், தரிக்க இடமில்லை. இவருக்குக் கல் இன்னும் வைக்கவில்லை. மண் இறுகவேண்டுமாம். ஒரு கட்டையில் பேர். ஜெ. கண்ணாடி விளக்கு ஒன்று வாங்கிவந்தான். காற்றில் நூராத மாதிரி மூடி உள்ளது.

கிளாராக்கா பூவோடு வந்தா.

"இவனையும் கூட்டிக்கொண்டோ வந்தனீர்?"

"அவன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவன். கார் அவன்ர."

"ஆக்கள்..."

"கதைக்கட்டும் அக்கா. அவன் கீழை இருக்கிறான், நான் மேலை இருக்கிறன், நடுவில மனுவல் இருக்கிறார். சொல்லிவிடுங்கோ."

அவ பூவில் பாதியை எடுத்து ஜெ.யின் கையில் கொடுத்தா. அவன் வைத்தான். பாதர் தண்ணீர் தெளித்து மன்றாடியபோது எல்லாரும் ஆமென் சொன்னோம். அவன் சொல்லவில்லை. தொப்பியை மட்டும் கழற்றினான்.

திரும்பி வரும்போது காரில்:

"ஆறு நாட்டில விளையாடினனான், தோனா பிலோமினா. ஒரு நாட்டிலயும் சேமக்காலைக்குப் போகேல்லை. இஞ்சைதான் முதல்."

இவருக்கு அவனுடைய கழகம், வருடம், கோல் எல்லாம் பாடம். வருகிற ஆளுக்கெல்லாம் சொல்லுவார். எனக்கு நினைவில் நிற்பது அவன் சாப்பாட்டு மேசையில் சொன்னது மட்டும்:

போர்த்துக்கல் — பத்தொன்பது வயதில். உப்புக் கருவாடு. ஆறு பேர் ஒரு அறையில். தாய்க்கு ரெலிபோன் எடுத்தால் அழுகை வரும் என்று எடுக்காமல் விட்டது.
சைப்பிரஸ் — ஒலிவ் காய். ஒரு சீசனில் நிறையக் கோல். பேப்பரில் படம். தாய் அந்தப் படத்தை இன்னும் சுவரில் வைத்திருக்கிறாவாம்.
போலந்து — பீற்றூட் சூப். கால்விரல் விறைத்துப் பந்து பட்டதே தெரியாதாம்.
கசகஸ்தான் — குதிரை இறைச்சி. இவனுக்குச் சொல்லாமல் கொடுத்தது.
சுவீடன் — முழங்கால் ஒப்பரேசன். சாப்பாடு நினைவில்லை என்றான்.
நோர்வே — என் பருப்பு.

ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு ஏஜென்ற் அவனைக் கூட்டிப்போவது, சொன்னது ஒன்று, போய்ப் பார்த்தால் வேறொன்று. இங்கே பிளாஸ்ரிக் புல். முழங்காலுக்குக் கூடாது. விளையாட்டு முடிந்தால் ஐஸ் வைத்துக்கொண்டு படியால் பக்கவாட்டில் ஏறுவான். ஒருநாளும் முனகினதைக் கேட்டதில்லை.

நவெம்பர் 8, சனி

கடைசி விளையாட்டு. போனேன். ஒருநாளும் போகாதவள்.

ஜெ. தந்த சீற்று இவர் இருக்கிற சீற்று. பக்கத்தில் ஒரு நோர்வேக் கிழவர். உன் மனுசன் எங்கே, அவர் எனக்கு உறைப்பு மிக்சர் தாறவர் என்றார். சொன்னேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பாதி ஆட்டம் அப்படியே வெறுந்தலையோடு, அந்தக் குளிரில். பிறகு நான்தான் போடச் சொன்னேன்.

பந்தைப் பார்க்கத் தெரியாது எனக்கு. ஜெ.யை மட்டும் பார்த்தேன். இவர் சொல்லுவார், "அவன் பந்துக்குப் பின்னால ஓடமாட்டான் பிலோ. பந்து வரப்போற இடத்தில முதலே போய் நிப்பான். அது பழகி வாறதில்லை." கண்ணால் கண்டேன் இன்று. எல்லாரும் ஒரு பக்கம் ஓட இவன் மட்டும் மறுபக்கம் நடந்துபோய் வெறும் இடத்தில் நிற்கிறான். கையைத் தூக்குகிறான். பந்து வரவில்லை. பந்து வைத்திருக்கிற பெடியன் தானே அடித்து வெளியே விடுகிறான். இவன் திரும்ப ஓடிவந்து, திரும்பப் போய் நிற்கிறான். வரவில்லை. திரும்பப் போய் நிற்கிறான்.

ஒருமுறை வந்தது. அடித்தான். கோல் காப்பாளன் விரலால் தட்டிவிட்டான்.

1–1. அது இவன் அடித்த கோல் இல்லை.

முடிந்தபிறகு கிழவர் சொன்னார், உன் பிரேசில்காரன் நல்லாய் விளையாடினான், அது சிலருக்குத்தான் விளங்கும். வீட்டுக்கு வந்து அதை ஜெ.க்குச் சொன்னேன். ஐஸ் கட்டியை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"செவ்வாய்க்கிழமை கழகத்துக்குக் கூப்பிட்டிருக்கினம்" என்றான்.

செவ்வாய் நல்ல நாள் என்று எனக்குள் நினைத்தேன். அவனுக்குச் சொல்லவில்லை.

நவெம்பர் 11, செவ்வாய்

இல்லையாம்.

ஒரு கோப்பி குடிக்கிற நேரம்கூட எடுக்கவில்லையாம் கூட்டம். நன்றி சொன்னார்கள். பூ கொடுத்தார்கள். இளம் ஆக்களோடு போகப் போகிறார்கள். டென்மார்க்கில் இருந்து ஒரு பெடியன் வருகிறான்.

அந்தப் பூவை என்னிடம் தந்தான். வாங்கி மேசையில் வைத்தேன். கத்தியை எடுத்துக்கொண்டு கேட்காமலே உருளைக்கிழங்கு தோலுரிக்கத் தொடங்கினான். இருந்ததெல்லாம் உரித்துவிட்டான், நாலு நாளைக்குக் காணும்.

"இஞ்சை வேற வேலை எடுக்கேலாதோ? பஸ் கழுவுறது, குசினி? நான் கேட்டுப் பாக்கிறன்."

"விசா விளையாட்டுக்குத்தான்."

"அந்த எழுத்து வேலை றொபின் பாப்பான்."

"தோனா பிலோமினா, நான் கோல் அடிக்கிறவன். வேற ஒண்டும் நான் இல்லை."

"முழங்கால்?"

"ஒரு வருசம் தாங்கும்."

மால்ராவில் ஒரு கழகம் ஆறு மாதத்துக்குக் கேட்டிருக்கிறதாம். சனிக்கிழமை போகவேண்டும். வெயில் நாடு, எல்லாரும் கத்தோலிக்கர், கோவில் நிறைய என்றான். எனக்கு ஆறுதல் சொல்கிறான், தனக்குச் சொல்லவேண்டியதை.

ஏழாவது நாடு.

அவன் கீழே போனபிறகு இவரின் படத்துக்கு முன் நின்றேன். வாய் பழக்கத்தில் "ஆண்டவரே உம்முடைய சித்தம்" என்று வரப் பார்த்தது. நிறுத்தினேன். இந்த முறை ஓம் சொல்லவில்லை. சத்தமாகவே சொன்னேன், எனக்கு இது சரியில்லை என்று. வீட்டில் ஒருவரும் இல்லை. சுவர் கேட்டது.

றொபின் இரண்டு தரம் போன் அடித்திருக்கிறான். எடுக்கவில்லை.

நவெம்பர் 15, சனி

காற்று. விமானம் பிந்துமோ என்று பார்த்தேன். பிந்தவில்லை.

அவனிடம் பெரிய பெட்டி ஒன்று, சப்பாத்துப் பை ஒன்று. பதினைந்து வருடம் ஆறு நாட்டில் உழைத்த மனுசனின் சாமான் இவ்வளவுதான். கார் ஏற்கனவே ஆருக்கோ விற்றாயிற்று. இவரின் சேட்டு இரண்டையும் கொடுத்தேன். நீளக்கை. மால்ராவுக்கு வெக்கை என்று தெரியும். கொடுத்தேன்.

கிளாராக்கா முறுக்குப் பையோடு வந்து நின்றா.

"பயணத்துக்குக் குடும். பாவம். இனி எங்கட ஆக்கள் என்னத்தைக் கதைக்கிறது."

சுருபத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். குழந்தையையும் தனியாக. "மனுவல் அண்ணையின்ர சாமான். உங்களுக்கு."

"நீ கொண்டு போ. அவர் உனக்குத் தந்தது."

"எப்பிடிக் கொண்டு போக?"

அவன் என்ன கேட்கிறான் என்று விளங்கியது. கிளாராக்காவும் பார்த்துக்கொண்டு நிற்கிறா.

"இப்ப இருக்கிற மாதிரியே."

துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் தலைகீழாய் வைத்தான். குழந்தையை மேசுக்குள். கிளாராக்கா சிலுவை போட்டா, ஆனால் வாய் திறக்கவில்லை.

பஸ் தரிப்பு வரை போனேன். கட்டிப்பிடித்தான். இவரின் சேட்டு மணம் அவன் பையில் இருந்து வந்தது. பஸ் கதவு மூடும்போது தமிழில் சொன்னான், "போட்டு வாறன், அக்கா." இவர் எப்போது பழக்கினாரோ. எனக்கு முன் ஒருநாளும் சொன்னதில்லை.

கீழ்வீட்டைக் கூட்டித் துடைத்தேன். ஜன்னல் கட்டில் கோப்பை வைத்த வட்டம். அது போகவில்லை.

நவெம்பர் 16, ஞாயிறு

வெளிச்சமான நாள். பனி இல்லை.

பூசைக்குப் போகவில்லை. நாளைக்கு வேலை தொடக்கம். வெள்ளை உடுப்பு தோய்த்துப் போட்டிருக்கிறேன். மீன் கரைய வெளியே எடுத்து வைத்தேன். மச்சம் சமைத்து எவ்வளவு நாள்.

றொபின் போன் அடித்தான். இந்த முறை எடுத்துப் பேசினேன்.

"அம்மா, என்ன, போனும் எடுக்கிறியள் இல்லை. அவன்ர விசயம் என்ன மாதிரி? நான் வீடு விக்கிறவனுக்கு ஒரு பதில் சொல்லவேணும். நிக்கிறானோ, போறானோ?"

ஜன்னலால் பின்பக்கம் தெரிந்தது. இவர் நட்ட அப்பிள் மரம், இலை இல்லாமல்.

"நிக்கிறான்."

"உண்மையாவோ? கொன்ராக்ட் குடுத்திட்டினமோ?"

"ஓம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"ஒரு வருசம்."

"அப்பாடா. அப்ப சரி அம்மா. உங்களுக்கு இஞ்சை வந்து நிக்க விருப்பமில்லை எண்டு எனக்கும் தெரியும். அவனுக்கு என்ர வாழ்த்தைச் சொல்லுங்கோ."

"சொல்லுறன்."

கிறிஸ்மசுக்குப் பிள்ளைகளோடு வருவானாம். வரட்டும். அப்போது தெரியும்தானே.

பொய் சொன்னேன் என்று எழுதி வைக்கிறேன். மகனுக்கு, ஞாயிற்றுக்கிழமையில், பூசைக்கும் போகாமல். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம். போனால் பாதர் மனஸ்தாப மந்திரம் சொல்லச் சொல்லுவார், செய்த பாவத்துக்கு மனம் வருந்துகிறேன் என்று. மனஸ்தாபம் இல்லாமல் அதைச் சொன்னால் அதுவும் பொய். எனக்கு மனஸ்தாபம் வரவில்லை.